ஜெல்லில் பட்டை தெரிந்தால் வைரஸ் ஆகிவிடாது: மலைவாழையிலும் டேலியாவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்டதும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி சேகரிக்க ஏறிவிடுகிறார்கள். மலைவாழை, தாட்பூட் பழம், மரத்தக்காளி, மேலே கொடைக்கானல் வீட்டுத் தோட்டங்களில் டேலியா என்று எதன் இலையில் கொஞ்சம் வரி தெரிந்தாலும் பறித்துக்கொண்டு போய், சில மாதம் கழித்து "சார், புது வைரஸ்" என்று ஒரு ஜெல் படத்தோடு (டிஎன்ஏ துண்டுகள் பட்டை பட்டையாகத் தெரியும் சோதனைப் படம்) வந்து நிற்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான். உறையில் ஊர் பெயர் எழுதாதது, கத்தியைத் துடைக்காமல் அடுத்த செடியை வெட்டுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். நான் சொல்ல வந்தது நன்றாகப் படித்தவர்களும் செய்கிற தவறுகளை, ரிப்போர்ட் கையெழுத்தாகி விவசாயி கைக்குப் போன பிறகுதான் வெளியே தெரிகிற தவறுகளை.

இலையைப் பார்த்ததுமே முடிவு கட்டுவது

கீழ்ப்பழனி மலையில் கமலா ஆரஞ்சு மரம் மஞ்சளடித்து நின்றால் துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்கலாம், வைரஸான டிரிஸ்டெசாவாக இருக்கலாம், கிரீனிங் நோயாகவும் இருக்கலாம். இதில் கிரீனிங் ஒரு பாக்டீரியா. வைரஸ் பிரைமரை (வைரஸின் மரபுப்பொருளைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) வைத்துக்கொண்டு காலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. துத்தநாகக் குறையில் நடுநரம்பின் இரண்டு பக்கமும் மஞ்சள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கிரீனிங்கில் இடமும் வலமும் பொருந்தாமல் திட்டுத்திட்டாக இருக்கும். இதுகூட ஒரு குறிப்புதானே தவிர தீர்ப்பு அல்ல.

களைக்கொல்லியையும் மறக்காதீர்கள். பக்கத்துக் காட்டில் அடித்த 2,4-டி காற்றில் வந்து விழுந்தால் தக்காளி, பப்பாளி இலையெல்லாம் நார் நாராகச் சுருண்டு, பார்த்த மாத்திரத்தில் வைரஸ் என்றே தோன்றும். ஒற்றை இலையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்காமல் தோட்டத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். காற்று வந்த பக்கத்து வரிசை மொத்தமும் ஒரே நாளில் சுருண்டிருந்தால், முதலில் கேட்க வேண்டியது பக்கத்துக்காரர் என்ன மருந்து அடித்தார் என்பதை.

ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்புவது

வேண்டாம். மேலே குளிராக இருக்கிறதே என்று நம்பி அனுப்புகிறீர்கள், வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் இலை வெந்துவிடும். காய்ந்த செய்தித்தாளில் வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட உறையில் மூடுங்கள். ஆர்என்ஏ வைரஸ் என்று சந்தேகம் இருந்தால் ஐஸ் பெட்டி.

நெகட்டிவ் வந்தால் சுத்தம் என்பது

வாழைச்சாறு துணியில் பட்டால் கறை போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறையைத் தருகிற பாலிபீனால்கள்தான் பிசிஆர் (தேடும் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் சோதனை) நொதியையும் முடக்குகின்றன. பிரித்தெடுக்கும்போது பிவிபி, மெர்காப்டோ எத்தனால் சேர்ப்பது அதற்காகத்தான். ஒவ்வொரு மாதிரியிலும் செடியின் சொந்த ஜீன் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். அதற்கே பட்டை வரவில்லையென்றால் நீங்கள் வைத்திருப்பது நெகட்டிவ் அல்ல, ஓடாத பிசிஆர். சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் பல நேரம் பட்டை எழுந்து வரும்.

எல்லாச் செடியும் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நம் மலைவாழைகளான விருப்பாச்சி, சிறுமலை இரண்டும் ஏஏபி வகை. அதாவது அதன் மூன்று தொகுதி குரோமோசோம்களில் ஒன்று மூசா பால்பிசியானா என்ற காட்டுவாழையிலிருந்து வந்தது. அந்த 'பி' ஜீனோமுக்குள் (அந்தத் தொகுதி மரபுப்பொருளுக்குள்), இலையில் வரி விழவைக்கும் பனானா ஸ்ட்ரீக் வைரஸின் துண்டுகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே போய் ஒட்டிக்கொண்டு, வாழையின் சொந்த மரபுப்பொருளாகவே இன்றுவரை இறங்கி வருகின்றன. ஒபினோ லெவாய், கோல்ட்ஃபிங்கர், இமோவே என்ற மூன்று ஸ்ட்ரீக் வைரஸ்களுக்கு இப்படி உள்ளே உட்கார்ந்த பிரதிகள் உண்டு. 1999-லேயே இது வெளிவந்துவிட்டது. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆகவே இலையிலிருந்து மொத்த டிஎன்ஏவைப் பிரித்து நேரடியாக பிசிஆர் ஓட்டினால், உடம்பில் ஒரு வைரஸ் துகள்கூட இல்லாத செடியும் பளிச்சென்று பட்டை காட்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக ஆள் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியுமா?

இங்கேதான் ஒரு நுணுக்கமான கோளாறு. நோயில்லாத ஒப்பீட்டுச் செடி வேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். சுலபமாகக் கிடைப்பது எது? திசு வளர்ப்பு கிராண்ட் நைன். அது ஏஏஏ, அதில் 'பி' ஜீனோமே கிடையாது. அதனால் அந்த மூன்று வைரஸுக்கான பிரைமரைப் போட்டால் ஒப்பீட்டுச் செடி சுத்தமாகவும் விருப்பாச்சி அத்தனையும் பாசிட்டிவாகவும் வந்து ஜெல் படம் அவ்வளவு அழகாக இருக்கும். கண்ட்ரோல் சரியாக வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அந்தப் படம் காட்டியது நோயை அல்ல, ஏஏஏ-வுக்கும் ஏஏபி-க்கும் உள்ள வித்தியாசத்தை! வரியே இல்லாத, நன்றாகத் தார் போடுகிற விருப்பாச்சி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஓட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். சிலர் அதையும் வைத்து ஓட்டுகிறார்கள். அதுவும் பாசிட்டிவாக வந்ததும் "கண்டாமினேஷன்" என்று சொல்லி அந்த லேனை (ஜெல்லில் அந்த மாதிரி ஓடிய வரிசையை) படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய ஒரே உண்மையைச் சொன்ன லேன் அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, காப்பிக்கும் மிளகுக்கும் நடுவில் அப்பா காலத்திலிருந்து மலைவாழை வைத்திருந்தவர். குருத்தைக் குட்டையாக்கிக் கொத்தாக்கும் முடிக்கொத்து வைரஸ் நோய் அந்தச் சரிவு முழுக்கப் புகுந்து எடுத்தபோதும் தப்பிய தூர்கள் அவை. தாய்ச்செடிக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்று மாதிரி எடுத்துப் போனார்கள். ஓர் ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வந்தது: அனைத்தும் ஸ்ட்ரீக் வைரஸ் பாசிட்டிவ், அப்புறப்படுத்தவும். மனுஷன் சொன்னபடி தோண்டி எரித்துவிட்டார். பிறகு காடு காலியாகக் கிடக்கிறதே என்று வெளியிலிருந்து பக்கக்கன்று வாங்கி நட்டார், அந்தக் கன்றோடு முடிக்கொத்தும் வந்து சேர்ந்தது. எழுதிக் கொடுத்த ஆளுக்கு இது இன்றுவரை தெரியுமோ என்னவோ. அந்தத் தூர்களில் ஒன்றில்கூட வரி பார்த்ததில்லை என்று விவசாயி சொல்லியிருக்கிறார்; அதை யாரும் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

அப்புறம் எப்படித்தான் பார்ப்பது? இம்யூனோ-கேப்சர் பிசிஆர் செய்யுங்கள். குழாயின் உட்சுவரில் ஆன்டிபாடி பூசி, இலைச்சாற்றை ஊற்றி, வைரஸ் துகள் மட்டும் பிடிபட்டு நிற்க, மற்றதைக் கழுவிவிட்டு, மிச்சம் ஒட்டியிருக்கும் செடி டிஎன்ஏவை டிஎன்ஏஸ் நொதியால் அழித்த பிறகுதான் பிசிஆர். அதே குழாயில் வாழையின் சொந்த ஜீனோமுக்கான பிரைமரையும் சேருங்கள். அந்தப் பட்டையும் எழுந்தால் கழுவியது போதவில்லை என்று அர்த்தம், முடிவைத் தூக்கிப் போடுங்கள். அல்லது ரோலிங் சர்க்கிள் முறை. ஸ்ட்ரீக் வைரஸின் ஜீனோம் சுமார் 7,400 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள்) கொண்ட வட்ட டிஎன்ஏ. ஃபை-29 நொதி வட்டத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பெருக்கும். பெருக்கியதை ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டினால் அந்த நீளத்துக்குப் பட்டை வர வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கி கைக்கு எட்டுமென்றால் குச்சி வடிவத் துகளையே பார்த்துவிடலாம்.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியென்றால் ஸ்ட்ரீக் பாசிட்டிவ் எல்லாமே பொய்" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பூவனில் உண்மையான ஸ்ட்ரீக் வைரஸ் தமிழ்நாட்டில் நிறையவே உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பிரதியும் எல்லா நேரமும் சாது அல்ல. முழுமையான பிரதியாக இருந்தால் திசு வளர்ப்பிலோ, கலப்பினம் உருவாக்கும்போதோ, வறட்சி, வெப்பநிலை மாற்றம் போன்ற நெருக்கடியிலோ விழித்துக்கொண்டு நிஜ வைரஸாக வெளிவரும். அதனால் தாய்ச்செடி விஷயத்தில் ரிப்போர்ட்டில் இரண்டு வரி தனித்தனியாக இருக்க வேண்டும்: ஜீனோமில் பிரதி இருக்கிறதா, வைரஸ் துகள் இருக்கிறதா. "பாசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லால் விவசாயிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

வாழையோடு இது முடிவதில்லை. டேலியாவிலும் இதே கதை. டேலியா மொசைக் வைரஸின் டி-10 வகை என்று முதலில் அழைக்கப்பட்டது பிற்பாடு டேலியா ஜீனோமுக்குள்ளேயே இருக்கும் தொடர் என்று தெரியவந்தது. பெட்டூனியாவில் வெயின் கிளியரிங் வைரஸ் அப்படித்தான். பூச்செடிகளில் வேலை செய்கிறவர்கள் காலிமோ குடும்பத்தைச் சேர்ந்த எது கிடைத்தாலும், பெயர் வைக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

பிளாஸ்டின் முதல் வரியை மட்டும் படிப்பது

பிளாஸ்ட் என்பது நீங்கள் படித்த வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் தேடல். அதில் கவரேஜ், அதாவது உங்கள் வரிசையில் எவ்வளவு பகுதி பொருந்தியது, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அவ்வளவுதான்.

சீக்வென்சிங்கில் கிடைத்ததெல்லாம் செடியின் வைரஸ் என்பது

இப்போது யாரைப் பார்த்தாலும் மொத்த ஆர்என்ஏவையும் சீக்வென்சிங்குக்கு (மரபு எழுத்துகளைப் படிக்க) அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வருகிற துண்டுகளில் இலைமேல் இருந்த சாம்பல் பூஞ்சையின் வைரஸ் இருக்கும், ஓரத்தில் நசுங்கிய அசுவினியின் வைரஸ் இருக்கும், அதே ஓட்டத்தில் பக்கத்தில் ஓடிய வேறொருவர் மாதிரியிலிருந்து தவறி வந்ததும் இருக்கும். சில ரீடுகளை (படித்த சிறு துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு கார்னேஷனில் புது வைரஸ் என்று எழுதுவதற்கு முன், அதே செடியிலிருந்து புதிதாக இலை பறித்து, புதிதாகப் பிரித்து, தனியாக ஒரு பிசிஆரில் அதைக் காட்டுங்கள். சீக்வென்சிங்குக்கு அனுப்பிய அதே குழாயில் மிஞ்சியதை எடுத்து ஓட்டிவிட்டு "உறுதிப்படுத்தினோம்" என்பது ஏமாற்று.

நிஜமாகவே செடியில் இருக்கிற வைரஸ் என்றாலும் அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. கார்னேஷன் கிரிப்டிக் வைரஸ் மாதிரி, எந்த அறிகுறியும் காட்டாமல் விதை வழியே காலகாலமாகக் குடியிருப்பவை உண்டு. மலைப்பயிர்களில் ஒரே செடியில் இரண்டு மூன்று வைரஸ் சேர்ந்திருப்பதும் சாதாரணம். முடிந்தால் சாற்றைக் கீனோபோடியம் கினோவாவிலும் நிக்கோட்டியானா பெந்தமியானாவிலும் தேய்த்துப் பாருங்கள், சாறு வழியே பரவாத வைரஸ் என்றால் ஒட்டுக் கட்டியோ பூச்சியை விட்டோ பாருங்கள். ஆரோக்கியமான செடியில் அதே அறிகுறி திரும்ப வராதவரை "உடன் காணப்பட்டது" என்று எழுதுவதோடு நிறுத்துங்கள்.

அளவுகோல் தெரியாமல் பெயர் வைப்பது

புது இனமா, பழைய இனத்தின் இன்னொரு வகையா என்பதற்குக் பேரினத்துக்குப் பேரினம் கோடு வேறு. புது இனம் என்று சொல்ல, பெகோமோவைரஸுக்கு டிஎன்ஏ-ஏ என்ற துண்டு முழுவதும் தெரிந்த இனங்களோடு 91 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போக வேண்டும். போட்டிவைரஸில் முழு நீளப் புரதக்குறியீட்டுப் பகுதி நியூக்ளியோடைடில் 76 சதவீதத்துக்குக் கீழே. ஸ்ட்ரீக் வைரஸ் சேர்ந்திருக்கும் பேட்னாவைரஸில் ஆர்டி, ஆர்என்ஏஸ்-ஹெச் என்ற நொதிகளுக்கான பகுதி 80 சதவீதத்துக்குக் கீழே. வைரஸின் உறைப்புரதமான கோட் புரோட்டீன் ஜீனில் ஒரு சின்னத் துண்டை மட்டும் படித்துவிட்டு தாட்பூட் பழத்தில் புதுப் போட்டிவைரஸ் என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது. எலைசாவில் (ஆன்டிபாடியால் வைரஸைக் காட்டும் நிறச் சோதனையில்) பொதுப் போட்டிவைரஸ் ஆன்டிபாடி நிறம் காட்டியது என்பது பேரினத்தின் பெயரைத்தான் சொல்கிறது.

ஒரே ஒரு செடி

ஒரு செடி போதாது. பக்கத்துத் தோட்டத்துக்கும் போங்கள்.

மூலச்செடியை விட்டுவிட்டு வருவது

இலையை மட்டும் பறித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். முடிவு வந்து மறுபடி ஏறும்போது செடி வெட்டப்பட்டிருக்கும், அல்லது எந்தச் செடி என்றே தெரியாது. விவசாயியிடம் கேட்டு ஒரு கன்றையோ கிழங்கையோ வாங்கி, அங்கேயே பூச்சி புகாத வலைக்குள் தொட்டியில் வைத்துப் பராமரிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஊர் விட்டு ஊர் தூக்கிப்போவது நீங்களே நோயைப் பரப்புவதாகிவிடும். ஸ்ட்ரீக் அறிகுறி ஓர் இலையில் தெரிந்து அடுத்த இலையில் காணாமல் போகும், ஆகவே ஒரு வருஷமாவது எல்லாப் பருவத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

இந்த நிதானமெல்லாம் முடிக்கொத்துக்குக் கிடையாது. குருத்து குட்டையாகக் கொத்தாக நின்று, இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாதிரிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் இருக்கிற கறுப்பு அசுவினியை மருந்தடித்துக் கொல்லச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் வெட்டினால் அசுவினி பக்கத்துத் தூருக்கு ஏறிவிடும். பிறகு கிழங்கோடு சேர்த்துத் தோண்டி, கண் ஒன்றுகூட மிஞ்சாமல் நறுக்கி அழித்துவிடலாம்.