தாவர அறிவியலாளர் ஒருவரின் ஆய்வுப் பணியை மதிப்பிடுவது எப்படி?

விருதுக் குழுவுக்காகவோ வாழ்க்கைக் குறிப்புக்காகவோ ஒரு தாவர அறிவியலாளரின் பணியை மதிப்பிட நேர்ந்தால், முதலில் அவருடைய வெளியீட்டுப் பட்டியலைப் பிழையின்றித் திரட்டிக்கொள்ளுங்கள். ஒரே பெயரும் தலைப்பெழுத்தும் உடைய பலரின் கட்டுரைகளைத் தரவுத்தளங்கள் கலந்துவிடுவதுண்டு. ஒருவரே தம் பெயரை இருவிதமாக எழுதியிருந்தால் அவரது பட்டியல் இரண்டாகப் பிரிந்தும் கிடக்கும். ஓர்கிட் (ORCID) எனப்படும், ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண் அவருக்கு இருந்தால் வேலை எளிது. ஆனால் அது 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், மூத்த தலைமுறையினரின் பட்டியலை நிறுவனம், இணை ஆசிரியர்கள், ஆய்வு செய்த தாவரம் ஆகியவற்றை ஒப்பிட்டு நீங்களேதான் பிரித்தெடுக்க வேண்டும்.

அடுத்து எச்-குறியீடு. இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த இந்த அளவுகோலின்படி, ஒருவரின் குறியீடு 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 அவருக்கு உள்ளன என்று பொருள். இது கூடுமே தவிரக் குறையாது. முதல் ஆசிரியரையும் நாற்பதாவது ஆசிரியரையும் வேறுபடுத்தியும் காட்டாது. கூகுள் ஸ்காலர் என்னும் தேடுதளம் ஆய்வேடுகளையும், இதழில் வெளியாகும் முன்பே பகிரப்படும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணுவதால், அதில் கிடைக்கும் எண் ஸ்கோபஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளம் தரும் எண்ணைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே எந்தத் தரவுத்தளத்தில், எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, ஒரே துறையில் ஏறத்தாழ ஒரே காலம் பணியாற்றியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எண்ணிக்கையைவிட, எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைப் பார்ப்பதே இந்த வேலையின் உயிர்நாடி என்பேன். முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-இல் புகையிலைத் திசு வளர்ப்புக்கான ஊட்ட ஊடகம் பற்றி எழுதிய கட்டுரை, தாவர அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று; அதைக் குறிப்பிடுவோரில் பெரும்பாலோர் அந்த ஊடகத்தைப் பயன்படுத்தியவர்கள். டேனியல் ஆர்னன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையின் பொருள் பசுங்கணிகங்களிலுள்ள தாமிர நொதிகள். ஆனால் அதில் இடம்பெற்ற பச்சைய அளவீட்டு முறைக்காகவே அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. (தாமிரத்துக்காக அதைத் தேடிப் படிப்போர் மிகச் சிலராகவே இருப்பர்.) முறையியலின் வழியே வரும் செல்வாக்கு தாழ்ந்ததன்று, கருத்தின் வழியே வரும் செல்வாக்கிலிருந்து அது வேறானது, அவ்வளவுதான். எனவே அதிக மேற்கோள் பெற்ற நான்கைந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பயன்படுத்திய பிறரின் கட்டுரைகளில் அந்தக் குறிப்பிட்ட வாக்கியத்தையே படித்து, அது முறையை எடுத்தாள்கிறதா, முடிவை ஏற்கிறதா, மறுக்கிறதா, வெறும் அறிமுகப் பத்தியில் பெயர் சொல்லிக் கடக்கிறதா என்று தனித்தனியே குறியுங்கள்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மக்காச்சோளத்தில் இடம்பெயரும் மரபணுக் கூறுகளைப் பற்றி பார்பரா மெக்ளின்டாக் 1950-இல் எழுதினார். பாக்டீரியாக்களிலும் பிற உயிர்களிலும் அத்தகைய கூறுகள் கண்டறியப்பட்ட பின்னரே அதன் முழு வீச்சு பரவலாக உணரப்பட்டது. நோபல் பரிசு 1983-இல் கிடைத்தது. கடைசி ஐந்தாண்டு மேற்கோள்களை மட்டும் பார்க்கும் மதிப்பீடு இத்தகைய பணியைத் தவறவிட்டுவிடும்.

மேற்கோள் பட்டியலுக்குள் வராத செல்வாக்கும் உண்டு. வகைப்பாட்டியலாளர் ஒருவர் விவரித்த சிற்றினத்தின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரின் சுருக்கம் எழுதப்படுகிறது. நெல்லின் அறிவியல் பெயரான ஒரைசா சட்டைவாவின் பின்னுள்ள ‘எல்.’ என்பது லின்னேயஸைக் குறிப்பது போல. இதை எந்த மேற்கோள் எண்ணியும் எண்ணுவதில்லை. ஆகவே அவர் சூட்டிய பெயர்களுள் எத்தனை இன்றும் ஏற்கப்பட்டுள்ளன, அவர் சேகரித்த மாதிரிகள் எந்தெந்த உலர்தாவரகங்களில் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகங்களில்) உள்ளன என்று பாருங்கள். பயிர்ப் பெருக்க வல்லுநரானால், ரகங்களின் வம்சாவளியைத் தேடுங்கள். பீட்டா, டீ-ஜியோ-வூ-ஜென் என்ற இரு நெல் ரகங்களின் கலப்பில் உருவாகி 1966-இல் வெளியான ஐ.ஆர்.8, பின்னர் வந்த பல ரகங்களுக்குப் பெற்றோராகப் பயன்பட்டது. அந்தத் தடம் ஆய்விதழ்களைவிட ரக வெளியீட்டு ஆவணங்களில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆசிரியர் வரிசையைப் படிக்கும்போது, ஆய்வகத் துறைகளில் குழுத் தலைவரின் பெயர் பெரும்பாலும் இறுதியில் வரும் என்பதையும், எல்லாத் துறைகளிலும் அவ்வாறில்லை என்பதையும் மறவாதீர்கள். கட்டுரை வெளியான இதழின் தாக்கக் காரணியை, அதாவது அவ்விதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடக் கூடாதென்று 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கூறுகிறது. அந்த எண்ணை அறிக்கையில் சேர்க்காமலே விடலாம். ‘பன்னாட்டுப் புகழ் பெற்றவர்’ என்று எழுதத் தோன்றும் இடத்தில், எந்தக் கண்டுபிடிப்பை, யார், எதற்குப் பயன்படுத்தினர் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்.