முதல் டெஸ்ட் கேஸுக்கு முன்: சோதனை உத்தியைத் திட்டமிடுவது எப்படி?

மென்பொருள் சோதனைப் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வந்ததும் நம்மில் பலர் எக்செல் தாளைத் திறந்து, லாகின் பக்கத்தில் ஆரம்பித்து, டெஸ்ட் கேஸ்களை, அதாவது எதைச் செய்தால் என்ன விளைவு வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்புகளை, வரிசையாக எழுதத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தவறான கடவுச்சொல்லுக்கு மட்டும் பதினான்கு டெஸ்ட் கேஸ் எழுதி முடித்தபோது, பணம் செலுத்தும் பகுதியைத் தொடக்கூட நேரம் மிஞ்சவில்லை. எதை எந்த ஆழத்தில் சோதிப்பது, எந்தக் கட்டத்தில் யார் சோதிப்பது, எதைத் தெரிந்தே விட்டுவிடுவது என்ற முடிவுகளை முன்கூட்டியே எடுத்து எழுதிவைப்பதுதான் சோதனை உத்தி. அந்த ஆவணம் இரண்டு மூன்று பக்கங்களில் அடங்கிவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் குழுவில் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெளியூர்ப் பேருந்துகளுக்கான டிக்கெட் முன்பதிவுத் தளம் ஒன்றை நான்கு டெவலப்பர்களும் ஒரு டெஸ்டரும் ஆறு வாரங்களில் முடிக்க வேண்டும். அந்த ஒரு டெஸ்டர் நீங்கள்.

படி 1: தேவை ஆவணத்தைக் கேள்விகளாக மாற்றுங்கள்

கோடு (code, மென்பொருள் நிரல்) எழுதப்படும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. ஆவணத்தில், “5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, 5 முதல் 12 வயது வரை அரைக் கட்டணம்” என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. பிழைகள் பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான் ஒளிந்திருக்கும் என்பதால், 4, 5, 12, 13 ஆகிய நான்கு வயதுகளையும் சோதிக்கலாம் என்று குறித்துக்கொள்கிறீர்கள். எழுதும்போதே சந்தேகங்கள் கிளம்புகின்றன. பன்னிரண்டு முடிந்து எட்டு மாதம் ஆன சிறுமிக்கு அரைக் கட்டணமா, முழுக் கட்டணமா? முன்பதிவு செய்யும் நாளின் வயதைப் பார்ப்பதா, பயண நாளின் வயதைப் பார்ப்பதா? கட்டணம் இல்லாத குழந்தைக்குத் தனி இருக்கை உண்டா? 375 ரூபாயில் பாதி 187 ரூபாய் 50 காசு. அதை மேல்நோக்கி முழுமையாக்குவதா, கீழ்நோக்கியா?

இக்கேள்விகளுக்குத் தயாரிப்பு மேலாளர் இன்று பதில் சொன்னால் செலவு ஒரு மின்னஞ்சல். ரிலீஸுக்குப் பிறகு தெரியவந்தால் கட்டணக் கணக்கு, ரசீது, பணம் திருப்பித் தரும் விதி என மூன்று இடங்களில் கோடைத் திருத்த வேண்டும்.

படி 2: இடர்களை மதிப்பிடுங்கள்

எல்லாவற்றையும் சோதித்துவிடலாம் என்ற எண்ணத்தை இந்தப் படியில் கைவிட வேண்டும். நம் தளத்தில் ஐந்து பிரவுசர்கள், ஆறு கட்டண முறைகள், நான்கு வகை டிக்கெட்டுகள், மூன்று மொழிகள் இருந்தால், சேர்க்கைகள் மட்டும் 360. ஒரு பிரவுசரும் ஒரு கட்டண முறையும் போன்ற ஒவ்வொரு இணையும் ஒருமுறையாவது சேர்ந்து வரும்படி தேர்ந்தெடுக்கும் இணைவழிச் சோதனை முறை இதை முப்பதையொட்டிய எண்ணிக்கைக்குக் குறைத்துவிடும். ஆனால் எதற்கு முதலிடம் என்ற கேள்விக்கு அது விடை தராது.

அதற்கு, ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு மதிப்பெண்கள் இடுங்கள். பிழை வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு 1 முதல் 5 வரை ஒன்று. வந்தால் விளையும் பாதிப்பு எவ்வளவு என்பதற்கு 1 முதல் 5 வரை மற்றொன்று. இரண்டையும் பெருக்குங்கள். வங்கியில் பணம் கழிந்து, டிக்கெட் வராமல் போவதற்கு 4 × 5 = 20. ஒரே இருக்கை இருவருக்குப் பதிவாவதற்கு 3 × 5 = 15. “எங்களைப் பற்றி” பக்கத்தில் படம் சாய்ந்து தெரிவதற்கு 2 × 1 = 2. இந்த எண்களில் துல்லியம் எதுவும் இல்லை. டெவலப்பர்களையும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினரையும் கூட்டி உட்காரவைத்து மதிப்பெண் போடும்போது, ஒருவர் 2 என்றும் மற்றவர் 5 என்றும் சொல்லும் இடத்தில் எழும் வாக்குவாதம்தான் உண்மையான பலன்.

“இது பழைய கோடு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது” என்ற காரணத்துக்காக வாய்ப்பு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். 1996 ஜூன் 4 அன்று முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியன் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. வழிகாட்டும் மென்பொருள் ஏரியன் 4 ராக்கெட்டில் நன்றாக இயங்கிய அதே மென்பொருள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால், அது சார்ந்த 64 பிட் எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. புதிய பறப்புப் பாதையின் தரவைக் கொண்டு அந்தப் பகுதி சோதிக்கப்படவே இல்லை.

படி 3: எதை எந்த அடுக்கில் சோதிப்பது?

வயதும் கட்டணமும் சார்ந்த விதிகளைப் பிரவுசரைத் திறந்து சோதிக்கத் தேவையில்லை. கோடின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்க டெவலப்பர் எழுதும் யூனிட் டெஸ்ட்டுகள் அவற்றை நொடிப்பொழுதில் சரிபார்த்துவிடும். முதல் படியில் எழுதிய 4, 5, 12, 13 பட்டியலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நம் தளத்தையும் வங்கியையும் இணைக்கும் கட்டண வாயிலுடன் (payment gateway) பேசும் பகுதிக்கு, இரண்டும் சேர்ந்து சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனை வேண்டும். வங்கி பணத்தைக் கழித்துவிட்டது, ஆனால் பதில் நம் சர்வருக்கு வந்து சேரவில்லை என்ற நிலையை, வாயில் நிறுவனம் தரும் சோதனைச் சூழலில் செயற்கையாக உருவாக்கிப் பாருங்கள். இருக்கைப் பிரச்சினைக்கு, ஒரே இருக்கையை ஒரே கணத்தில் இரண்டு கோரிக்கைகள் கேட்கும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். கையால் இரண்டு பிரவுசர்களை மாறி மாறிக் கிளிக் செய்து அந்தப் பிழையைப் பிடிப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

செலினியம், பிளேரைட் போன்ற கருவிகளைக் கொண்டு திரை வழியாக ஓட்டும் ஆட்டோமேஷன் மெதுவானது. பொத்தானின் பெயர் மாறினாலே உடைந்துவிடக்கூடியது. தேடுதல், இருக்கை தேர்வு, பணம் செலுத்துதல், ரத்து செய்தல் என ஐந்தாறு முக்கிய வழிகளோடு அதை நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

படி 4: சூழலும் தரவும்

டெவலப்பரின் கணினியில் ஓடுகிறது என்பது சான்றாகாது. ரிலீஸ் சூழலை ஒத்த ஸ்டேஜிங் சர்வர் எப்போது கிடைக்கும், யார் பொறுப்பு என்பதை உத்தியில் தேதியுடன் எழுதுங்கள். உண்மையான வாடிக்கையாளர் தரவை அங்கே நகலெடுக்கக் கூடாது. தரவை நாமே உருவாக்க வேண்டும். உருவாக்கும்போது, ‘டெஸ்ட்1’, ‘ஏபிசி’ என்று நிரப்பிவிட்டுப் போகாதீர்கள்.

நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் பெயருக்கு 20 எழுத்து வரம்பு இருந்தது. ‘மீனாட்சிசுந்தரேஸ்வரன்’ என்று தமிழில் உள்ளிட்டேன். நம் கணக்கில் அதில் 12 எழுத்துகள்தான். யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், கணினியின் கணக்கில் அது 21. கடைசிப் புள்ளி வெட்டுண்டு, சீட்டில் ‘மீனாட்சிசுந்தரேஸ்வரன’ என்று அச்சாகி வந்தது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பிழை பயணியின் கைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

படி 5: எப்போது நிறுத்துவது?

நிறுத்தும் நிபந்தனையைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காவிட்டால், ரிலீஸ் தேதிதான் அதை முடிவு செய்யும். “இடர் மதிப்பெண் 12-க்கு மேற்பட்ட வசதிகளில் திருத்தப்படாத பக் (பிழை) இருக்கக் கூடாது, மற்றவற்றில் இருப்பவை பட்டியலிடப்பட்டு, மேலாளர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்” என்பது போல, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருக்கட்டும். “95 சதவீத டெஸ்ட் கேஸ் தேறியது” என்ற வகை நிபந்தனையை நான் நம்புவதில்லை. தோற்ற ஐந்து சதவீதத்தில் பணம் செலுத்தும் பகுதி இருந்தால் என்ன செய்வது?

படி 6: ரிலீஸையும் உத்திக்குள் கொண்டுவாருங்கள்

2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிடல் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோடு ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று, ஆர்டர்களை இடைவிடாமல் அனுப்பியது. ஆகவே, எல்லா சர்வர்களிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்ற சரிபார்ப்பு, நேரடித் தளத்தில் ஒரு டிக்கெட் எடுத்து ரத்து செய்து பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட், கோளாறு தெரிந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி ஆகிய மூன்றும் உங்கள் ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ரிலீஸுக்குப் பின் வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஒவ்வொரு பக்குக்கும் எதிரே, அதை எந்த அடுக்கில் நாம் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு வரி குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்புகளோடு இரண்டாம் படிக்குத் திரும்பி, மதிப்பெண்களை மாற்றி எழுதுங்கள்.