ஸ்கேன் கவரை அப்புறம் பிரிக்கலாம்

போன மாதம் ஒரு ஜூனியர் டாக்டர் என் மேஜையில் ஸ்கேன் கவரை வைத்துவிட்டு, "சார், இடது அட்ரினல்ல ஒரு சென்டிமீட்டர் கட்டி. சர்ஜரிக்கு எழுதிடலாமா?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை எங்கே என்றேன். இனிமேல்தான் அனுப்பணும் என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் திட்டவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டவன்தானே நான்.

அட்ரினல் சுரப்பியால் வரும் பிரஷரைக் கண்டுபிடிப்பதிலும் அதற்கு வைத்தியம் பார்ப்பதிலும் நாம் செய்யும் தவறுகள்தான் இங்கே. கை பருமனானவருக்குப் பிரஷர் பார்க்கச் சின்னக் கஃப் (கைப்பட்டை) கட்டுவது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

பொட்டாசியம் நார்மல் என்று ஃபைலை மூடுவது

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தேவைக்கு மேல் சுரந்தால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும், பிரஷர் ஏறும். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955இல் இதை விவரித்தபோது பொட்டாசியக் குறைவுதான் கண்ணில் பட்டது. அதையே நாம் இன்னும் பிடித்துத் தொங்குகிறோம். உண்மையில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் நார்மலாகவே இருக்கும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்காரர்களில் ஐந்தில் ஒருவர் வரை இந்த வகை. "மூணு மாத்திரை போடுதேன், எறங்கவே மாட்டேங்கு" என்று ஒருவர் சொன்னால், நான்காவது மாத்திரைக்கு முன் இந்தச் சோதனையை எழுதுங்கள்.

சோதனைக்கு முன்பே கெடுத்துவிடுவது

எழுத வேண்டியது ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்டிவிடும் ரெனின் இரண்டும், அவற்றின் விகிதமும். இந்த நோயில் ஆல்டோஸ்டிரோன் ஏறியும் ரெனின் இறங்கியும் இருக்கும். காலையில், எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பின், கொஞ்சம் உட்காரவைத்து ரத்தம் எடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவருக்கு இது தானாக நடந்துவிடும். வார்டில் படுத்திருப்பவரிடம் விடியற்காலையில் ஊசி குத்தினால் நடக்காது.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ரெனினைக் குறைத்து, இல்லாத நோயைக் காட்டும். நீர் மாத்திரையும் 'பிரில்', 'சார்டன்' என்று பெயர் முடியும் பிரஷர் மாத்திரைகளும் ரெனினை ஏற்றி, இருக்கிற நோயை மறைக்கும். இவற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ரெனின் தரைமட்டத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைவாகக் காட்டும். அதை முதலில் சரிசெய்யுங்கள். "உப்பையே தொடாதே" என்று நாமே மிரட்டி வைத்திருந்தாலும் ரெனின் ஏறிவிடும்.

அதிமதுரத்தைப் பற்றிக் கேட்காதது

இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் உண்டு. அதுவும் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ஆனால் ஆல்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

ஸ்கேனை நம்பிக் கத்தி எடுப்பது

இதுதான் இன்றும் எனக்கு ஆறாதது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். பிரஷர் 180க்குக் கீழே இறங்கவில்லை, பொட்டாசியம் ரொம்பக் குறைந்து 2.9. விகிதமும் ஏறியிருந்தது. அதுவரை எல்லாம் சரியாகச் செய்தேன். ஸ்கேனில் இடது பக்கம் அழகான ஒரு கட்டி. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. புத்தகத்தில் படித்தது கையில் கிடைத்துவிட்டதே! சர்ஜரிக்கு அனுப்பினேன். இடது சுரப்பியை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து வந்தார். பிரஷர் அதே அளவு, பொட்டாசியம் மறுபடி 3. ஆல்டோஸ்டிரோன் அசையவில்லை. ஸ்கேனில் சாதுவாகத் தெரிந்த வலது சுரப்பிதான் அவ்வளவையும் சுரந்துகொண்டிருந்தது.

வயது ஏற ஏற அட்ரினலில் ஒன்றும் செய்யாத கட்டிகள் முளைப்பது சகஜம். ஆல்டோஸ்டிரோனைக் கொட்டும் கட்டியோ ஸ்கேனில் தெரியாத அளவு சின்னதாகவும் இருக்கலாம். ஸ்கேன் உருவத்தைக் காட்டும், சுரப்பைக் காட்டாது. ஒவ்வொரு அட்ரினலின் சிரையிலும் (அதிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்) எடுத்த ரத்தம் சொல்வதோடு ஸ்கேனை ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டும் பொருந்துவதில்லை.

செய்திருக்க வேண்டியது, தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி, இரண்டு அட்ரினல் சிரைகளிலும் தனித்தனியே ரத்தம் எடுப்பது. வலது சிரை குட்டையானது, பெருஞ்சிரையில் நேரடியாகச் சேர்வது, தவறவிடுவது சுலபம். குழாய் சரியான இடத்தில்தான் இருந்ததா என்று பார்க்கவே கூடவே அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசோலையும் அளக்கிறார்கள். பழகிய கை வேண்டும். அது நம் ஊரில் கிடைக்காவிட்டால் நோயாளியை வெளியூர் அனுப்புங்கள். வயது 35க்குள், பொட்டாசியம் குறைவு, ஆல்டோஸ்டிரோன் மிக அதிகம், ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி. இப்படிப்பட்ட சிலருக்குத்தான் இதைத் தாண்டிப் போகலாம்.

அந்த அம்மாவுக்கு வலது சுரப்பியை எடுத்தால் நோய் தீர்ந்திருக்கக்கூடும். ஆனால் இடதை நான் ஏற்கெனவே இழக்கவைத்துவிட்டேன். இரண்டும் போனால் ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு. எனவே மாத்திரையோடே காலம் தள்ளுகிறார். "அதான் கட்டிய எடுத்தாச்சே, பெறகு ஏன் சார் மாத்திரை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஃபியோகுரோமோசைட்டோமாவில் முதலில் பீட்டா பிளாக்கர்

கூடாது. இது அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டிப் பிரஷரை ஏற்றும் வேறொரு அட்ரினல் கட்டி; ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஆல்பா பிளாக்கர்தான் முதலில். கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுப்பதும், அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினை அளந்து பார்த்து அது இல்லை என்று உறுதியாகும் வரை கூடாது.

ஸ்பைரனோலாக்டோன் கொடுத்துவிட்டு மறப்பது

இரண்டு பக்கமும் சுரந்தாலோ, அறுவை வேண்டாம் என்றாலோ, ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் இதுதான் மருந்து. தினம் 12.5 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கலாம். தொடங்கிய சில நாட்களிலேயே பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். முன்பு எழுதிக்கொடுத்த பொட்டாசியம் சிரப்பை நிறுத்தச் சொல்லுங்கள். களக்காட்டு வாழைத்தோட்டக்காரர் ஒருவர் சிரப்பையும் விடாமல், பழத்தையும் விடாமல், பொட்டாசியம் ஆபத்தாக ஏறி 6.1இல் வந்து நின்றார்.

ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, பிரஷர் ஏறிய பிறகு வேறு டாக்டரிடம் போவார்கள். அங்கே புதிதாக ஒரு ஸ்கேன் எடுப்பார்கள்.