உடையாத கேழ்வரகுக் கீரை அடை

கேழ்வரகு அடை ஓரம் வெடித்து, திருப்பும்போது துண்டு துண்டாகிறதா? பச்சைத் தண்ணீரில் பிசைவதுதான் காரணம். கோதுமை மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் கேழ்வரகில் கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் இழுவை வராது. கொதிக்கும் நீர் பட்டால் மாவுச்சத்து வெந்து அதுவே பிடித்துக்கொள்ளும். எங்கள் கடலூர் வீட்டில் அடை சரியானது இதில்தான்.

இரண்டு டம்ளர் மாவுக்கு முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 2. இவற்றில் முதலில் உப்பைப் பிசறி 10 நிமிடம் வையுங்கள். கீரையும் வெங்காயமும் விடும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மாவு கையெல்லாம் ஒட்டும். பிறகு மாவு, வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த மல்லாட்டை (வேர்க்கடலை) மூன்று கரண்டி. பண்ருட்டி முந்திரிக் குருணை இருந்தால் அதுவும் ஒரு கரண்டி. மத்தியானத்துக்கு இது மட்டும் சாப்பிட்டாலும் பசி தாங்குவது இந்தப் பருப்புகளால்தான், விட்டுவிடாதீர்கள். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். ஒரு டம்ளர் அளவு பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, 15 நிமிடம் மூடி வைக்க வேண்டும்.

எண்ணெய் தடவிய வாழையிலையில், விரலை நனைத்துத் தட்டுங்கள். சப்பாத்தியைப்போல இரண்டு மடங்கு தடிமன் போதும். அதற்கு மேல் போனால் வெளியே கருகி, நடுவில் பச்சை வாடை அடிக்கும். நடுவில் ஓட்டை போட்டு, தோசைக்கல்லுக்கு மாற்றி, ஓட்டையில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில் மூடி 2 நிமிடம். திருப்பிய பிறகு மூடக்கூடாது, மொறுமொறுப்பு போய்விடும். தொட்டுக்கொள்ள முதல் நாள் மீன் குழம்பு, இல்லையென்றால் பூண்டுச் சட்னி.