ஒளிப்படக்கலை பயிலச் செல்வோருக்கு: படத்தொகுப்பை எப்படி ஆக்குவது?

பல்கலைக்கழகத்தில் ஒளிப்படத்தை ஒரு கலையாகப் பயில விரும்புவோர், தமது படத்தொகுப்பை நல்லூர்த் தேர், கோட்டை, கடற்கரை என்று கண்டபடி நிரப்பாமல், ஒரே பொருளைப் பல நாட்கள் தொடர்ந்து எடுத்த பன்னிரண்டு படங்களால் அமைப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக் கிடுகு வேலியே போதும். காலை ஆறரை மணிக்கு அதன் இடுக்குகளால் நுழையும் வெயில் முற்றத்து மணலில் நீளக் கீற்றுகளாய்க் கிடக்கும். பத்து மணிக்கு அவை குறுகி வேலியடியிலேயே ஒதுங்கிவிடும். எடுத்தவற்றைச் சிறிதாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். இரண்டு படங்கள் ஒன்றையே சொன்னால் ஒன்றை நீக்குங்கள். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் யூலியா மாகரெட் கமரனின் உருவப்படங்கள், கூர்மை குறைந்தவை என்று அக்காலத்தில் கண்டிக்கப்பட்டபோதும், அவர் அந்த மென்மையைக் கைவிடவில்லை. நீங்களும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், அதை ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள்.