சார்ஜ் போடும் சுவரைப் பாருங்கள்: கல்லூரி வளாகங்களில் மின்வண்டி வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே ஆண்டில் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஏஐஎஸ் 156 என்னும் தரவிதியின் திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. வண்டிகள் இப்படித் திருந்திவருகின்றன. அவற்றைச் செருகும் சுவர்கள் பழையபடியே இருக்கின்றன. காட்பாடி, பாகாயம், சேர்க்காடு என்று கல்வி நிலையங்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், மின்விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று எப்போதோ இழுத்த வயரில் இன்று மணிக்கணக்கில் வண்டிகள் சார்ஜ் ஏறுகின்றன. வளாகங்களில் நான் காணும் பெரும்பாலான தவறுகளின் வேர் இதுதான்.

ஸ்கூட்டர் சார்ஜர் ஒன்று சாதாரணமாக 3 முதல் 4 ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கும். தனியாகப் பார்த்தால் இது சிறிய சுமை. ஆனால் 6 ஆம்பியருக்கென்று செய்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் நண்பர்கள் மூவர் சேர்ந்து செருகினால், அதன் மெல்லிய வயர் தாங்க வேண்டியதைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கை நான்கைந்து மணி நேரம் விடாமல் தாங்க வேண்டியிருக்கிறது. மிக்ஸி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், வண்டி நிற்காது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் எடுப்பதால் அதற்கு நல்ல பவர் பிளக் கட்டாயம் வேண்டும். பெரிய பின்னைச் சின்னப் பாயிண்ட்டில் நுழைக்கக் கடையில் கிடைக்கும் கன்வர்ஷன் பிளக்கை இதற்குப் பயன்படுத்துவது நெருப்பை விலைக்கு வாங்குவதாகும்.

எங்கள் வளாகத்தில் ஒரு கட்டடத்தின் பின்வாசலில் பலரும் பயன்படுத்திவந்த பிளக் பாயிண்ட்டை எலக்ட்ரீஷியன் கழற்றியபோது அருகில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் துளைகளைச் சுற்றித் தேன் நிறத்தில் பழுத்திருந்தது. உள்ளே பின்னைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்திருந்தது. வயரின் மேலுறை விரல் பட்டதுமே உதிர்ந்தது. தளர்ந்த அந்தத் தொடர்பில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலும் 14 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 20 வாட் வெப்பம் அங்கேயே பிறக்கும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் இரவு முழுவதும் எரியவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடந்திருக்கிறது. புதிய இடத்தில் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தப் பாயிண்ட் வண்டிக்கு உகந்ததன்று. எர்த் பின் உடைந்த பிளக்கையும் உடனே மாற்றிவிட வேண்டும்.

கழற்றக்கூடிய பேட்டரியை விடுதி அறைக்குத் தூக்கிச் சென்று கட்டிலருகே சார்ஜ் போட்டுவிட்டு உறங்குவதை நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன். லித்தியம் பேட்டரி எரியும்போது நச்சுப்புகை நிமிடங்களில் அறையை நிறைத்துவிடும். அணைந்ததுபோல் தோன்றிய பிறகும் அது மீண்டும் பற்றிக்கொள்ளும். படிக்கட்டின் அடியில் வைப்பதும் தவறே, ஏனெனில் புகை மேலேறும் வழியும் மாணவர்கள் இறங்கித் தப்ப வேண்டிய வழியும் ஒன்றாகிவிடும். இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சார்ஜ் போடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு மாற்று இடம் தராத நிர்வாகம், அவர்களை மறைவாகச் சார்ஜ் போடத் தூண்டுகிறது. மின்வாகனத்துக்குச் சார்ஜ் வழங்கத் தனி மின் உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. திறந்த வெளியில் ஒரு தகரக் கூரை, தனி வயர், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஆகியவை இருந்தாலே பாதி ஆபத்து நீங்கும்.

வேலூர் வெயிலுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நண்பகலில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வகுப்புக்கு வந்து, வந்த சூட்டோடு சார்ஜரைச் செருகுகிறார்கள். லித்தியம் செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது; சாலைச் சூடும் ஓட்டத்தின் சூடும் சேர்ந்து பேட்டரியை அந்த எல்லைக்கு எளிதில் கொண்டுபோய்விடும். வேப்பமர நிழலில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்ட பிறகு சார்ஜ் போடுவதே நல்லது. முழுச் சார்ஜோடு நாள் முழுவதும் வெயிலில் நிறுத்துவதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு 20 முதல் 80 சதவீதம் போதும் என்பது பொதுவான அறிவுரை. எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிக்கு மட்டும் அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றச் சொல்கிறார்கள், இல்லையென்றால் மீதமுள்ள சார்ஜைக் கணக்கிடுவதில் வண்டியே தடுமாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

சார்ஜ் இடத்தில் பெட்ரோல் வண்டியை நிறுத்துவது தவறு என்று அனைவருக்கும் தெரியும். மின்வண்டிக்குரிய பச்சை எண் பலகை இருப்பதாலேயே சார்ஜ் போடாமல் அங்கே நிறுத்துவதும், காலையில் செருகிய வண்டி பதினொரு மணிக்கே நிறைந்துவிட்ட பிறகும் மாலை வரை எடுக்காமல் இருப்பதும் அதே தவறுதான். அடுத்தவர் அழைத்துக் கேட்கும்படி ஒரு சீட்டில் கைபேசி எண்ணை எழுதி வண்டியில் வையுங்கள். பிறர் வண்டியின் பிளக்கை அவரைக் கேட்காமல் பிடுங்காதீர்கள்.

செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது சார்ஜ் தீர்ந்த வண்டியை அப்படியே விட்டுச் செல்லக் கூடாது. ஓடாமல் நிற்கும்போதும் அதன் மின்னணுச் சுற்றுகள் சிறிது சிறிதாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருப்பதால், மாதக்கணக்கில் பேட்டரி அடிமட்டத்துக்குப் போய், திரும்பி வரும்போது சார்ஜையே ஏற்காமல் போகலாம். அதற்காகச் சார்ஜரிலேயே மாட்டிவிட்டுப் போவதும் கூடாது. பாதியளவு சார்ஜோடு, மழைநீர் தேங்காத மேடான நிழலில், சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை நிறுத்திச் செல்லுங்கள்.