சிவப்பு விழுந்தால் கோச்சி நிற்க வேண்டும்: மாதிரி றெயில் பாதைக்கு லைற் சிக்னல் செய்வது எப்படி

1990 முதல் 2014 ஒக்ரோபர் வரை யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வரவில்லை. பழைய ஆட்களுக்குச் சிக்னல் என்றால் கைகாட்டிதான். பாதையைத் திரும்பப் போட்டபோது வண்ண லைற்றுகள் வந்தன. யாழ்தேவி வரும் நேரம் ஸ்ரேசன் அந்தத்தில் நின்று அந்த லைற் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டு மேசையில் ஓடும் சின்னக் கோச்சிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை வரும். ஆனால் சும்மா எரிந்து அணைகிற லைற்றைச் சிக்னல் என்று நான் ஏற்க மாட்டேன், சிவப்பு விழுந்தால் கோச்சி நிற்க வேண்டும். அதையும் சேர்த்தே இங்கே செய்வோம்.

என்ன வேண்டும்?

சிவப்பு, மஞ்சள், பச்சை என 3 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. மூன்று (ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று படித்தோமே, அதுதான்), கால் வாற்று தடையிகள், 12 வோல்ற்று டி.சி. அடப்டர், மூன்று நிலைக்குத் திரும்பும் சுவிச் ஒன்று. பழைய றவுட்டரின் அடப்டரே போதும், அதன் மேல் டி.சி. என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பத்துக்குப் பழுதான றேடியோவின் ஏரியல். உள்ளே குழாய் என்பதால் வயர் வடிவாகப் போகும், இதைவிட நல்ல கம்பம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. வயருக்குப் பழைய ட்ரான்ஸ்போமரில் சுற்றியிருக்கும் மெல்லிய செப்புக்கம்பி. றேடியோ திருத்தும் கடைகளில் கேட்டால் இரண்டுமே கிடைக்கும்.

தடையிக் கணக்கு

இதை விளங்கிக்கொள்ளாமல் மேலே போக வேண்டாம். சிவப்பு, மஞ்சள் எல்.ஈ.டி.க்குச் சுமார் 2 வோல்ற்று போதும். அடப்டர் 12 தருகிறது, மிச்சம் 10. ஓட வேண்டியது 10 மில்லி அம்பியர், அதாவது 0.01 அம்பியர். 10ஐ 0.01ஆல் பிரித்தால் 1000 ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையம் உள்ள தடையி அதுதான். பச்சைக்கு 3 வோல்ற்று அளவில் வேண்டும், ஆனால் இப்போது வரும் பச்சை கண்ணைக் குத்துகிற மாதிரி எரியும், அதனால் அதற்கு மட்டும் 4700 ஓம் (மஞ்சள், ஊதா, சிவப்பு) போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதானே எரிகிறது, மூன்றுக்கும் பொதுவாக வரும் கம்பியில் ஒரே தடையி போட்டால் என்ன என்று கேட்கலாம். எரியும்தான், ஆனால் மூன்றின் வெளிச்சத்தையும் சமப்படுத்த வழி இருக்காது. நான் முதல் தடவை எரிகிறதா என்று பார்க்கச் சிவப்பை நேரே 9 வோல்ற்று பற்றரியில் வைத்தேன், ஒரு பளிச், அதோடு சரி. சோதிக்க 3 வோல்ற்று பொத்தான் பற்றரியைப் பாவியுங்கள்.

தலையும் கம்பமும்

ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் 7க்கு 18 மில்லிமீற்றர் துண்டு வெட்டி, 5 மில்லிமீற்றர் இடைவெளியில் மூன்று துளை போட்டுக் கறுப்பு அடியுங்கள். பிரித்தானிய முறையில் மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. றோட்டுச் சிக்னலுக்கு நேர் எதிர், ஏனென்றால் சிவப்புத்தான் சாரதியின் கண் மட்டத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். கம்பத்தின் உயரம் நிசத்தில் 5 மீற்றர் என்று வைத்தால் 1:87 அளவில் 57 மில்லிமீற்றர் வரும்.

எல்.ஈ.டி.யின் நீளமான கால் நேர் முனை, விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் மறை முனை. மூன்று நீளக் கால்களையும் ஒன்றாகப் பற்றவைத்து ஒரே கம்பி எடுங்கள், குட்டைக் கால்களுக்குத் தனித்தனிக் கம்பி. மொத்தம் நாலு. அந்தச் செப்புக்கம்பியில் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கிறது, அப்படியே ஈயம் வைத்தால் ஒட்டாமல் உருண்டு ஓடும். பிளேட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள், கடும் பழுப்பு போய் இளஞ்சிவப்பாய்ச் செம்பு மினுங்கும்வரை, கம்பியைச் சுழற்றிச் சுழற்றி எல்லாப் பக்கமும். பிறகு அந்த நுனிக்கு முதலில் ஈயம் பூசிவிட்டு எல்.ஈ.டி. காலில் வைத்தால் இரண்டு மூன்று செக்கனில் பிடித்துவிடும். அதற்குமேல் சூடு வைக்க வேண்டாம்.

ஒட்டிய இடமெல்லாம் கியூடெக்ஸ் பூசிக் காயவிடுங்கள், நல்ல காப்பு அது. ஏரியல் குழாயின் வாயை அரத்தால் மழுப்பிவிட்டுத்தான் கம்பிகளை இறக்க வேண்டும், கூரான விளிம்பு பூச்சை வெட்டினால் உள்ளே ஷோர்ட் ஆகிவிடும், பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

சுவிச்சும் கோச்சியும்

சுவிச் வாங்கும்போது மூன்று நிலையும் குறைந்தது இரண்டு தனிப் பிரிவும் (ஒரே திருப்பில் சேர்ந்து மாறும் இரண்டு சுவிச் மாதிரி) உள்ளதாகக் கேளுங்கள். அடப்டரின் நேர் முனை பொதுக் கம்பிக்கு. மறை முனை முதல் பிரிவின் நடுக்காலுக்கு. வெளிக்கால் மூன்றிலிருந்தும் தடையி வழியாக அந்தந்த நிறத்துக்கு. கோச்சியை ஓட்டும் கொன்றோலரிலிருந்து லைற்றுக்குக் கரண்ட் எடுக்காதீர்கள், வேகத்தோடு வெளிச்சமும் கூடிக் குறையும், பின்னால் ஓட்டினால் முனை மாறி எரியவே எரியாது.

இனித்தான் முக்கியமான வேலை. சிக்னலுக்கு முன்னால் 50 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் இரண்டு இடத்தில் வெட்டி, பிளாஸ்ரிக் இணைப்புப் போடுங்கள். கொன்றோலரிலிருந்து அதே தண்டவாளத்துக்கு வரும் வயரில் ஒரு கிளை எடுத்து இரண்டாம் பிரிவின் நடுக்காலுக்குக் கொடுங்கள். மஞ்சள், பச்சை நிலைக்கான வெளிக்கால் இரண்டையும் சேர்த்து வெட்டிய துண்டுக்குக் கொடுங்கள். சிவப்புக் கால் வெறுமனே இருக்கட்டும். மாறி மற்றத் தண்டவாளத்து வயரைக் கொடுத்தால் கோச்சி வெட்டைத் தாண்டும் இடத்தில் ஷோர்ட் ஆகும், ஒருக்கால் திரும்பப் பாருங்கள். இதெல்லாம் சாதாரண டி.சி. பாதைக்கு. டி.சி.சி. (தண்டவாளம் வழியாக எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) வைத்திருப்பவர்கள் லைற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, சிவப்பைப் போட்டுவிட்டு கோச்சியை விடுங்கள். எஞ்சின் வெட்டைத் தாண்டியதும் தானாக நிற்கும். சிக்னலைத் தாண்டி ஓடிப் போனால் துண்டின் நீளம் போதவில்லை, இன்னும் 10 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். மஞ்சளுக்கு ‘அடுத்த சிக்னலில் நிற்க ஆயத்தமாய் வா’ என்று அர்த்தம் என்பதால், இரண்டாவது சிக்னலையும் செய்து ஸ்ரேசனுக்குள் வைத்த பிறகுதான் அந்த நிறத்துக்கு வேலை வரும்.